என்ஜின் வேலை பார்ப்பதா, வேறு என்ஜின் மாட்டுவதா? லேத் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் கார் என்ஜின்களுக்குப் போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை) வேலை செய்யும் சின்ன லேத் பட்டறை என்னுடையது. முழுக் காரை நான் பார்ப்பது அபூர்வம். மெக்கானிக் என்ஜினை இறக்கிப் பிரித்து, பிளாக் (போர்கள் உள்ள உடல்), கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு), ஹெட் (வால்வ்கள் உள்ள மேல்பகுதி) மூன்றையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார். அளந்து, கடைந்து, தேய்த்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. ஆட்டோ வந்த அரை மணியில் கார்க்காரரும் பைக்கில் வந்து நிற்பார். "ஏனுங்கண்ணா, இது தேறுமுங்களா? இல்ல பழைய என்ஜின் ஒண்ணு வாங்கிப் போட்றலாமா?"

பதினெட்டு வருடமாக இதே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: நீங்கள் உங்கள் என்ஜினையே வேலை பார்த்தால்தான் எனக்குக் கூலி. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மெக்கானிக் "என்ஜின் போச்சு" என்கிறார். நம்பலாமா?

என்ன போச்சு என்று கேளுங்கள். ரிங்கா (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்), ஹெட்டா, பேரிங்கா, செயினா? இதற்குப் பதில் சொல்லாமல் "இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்பவரிடம் இன்னும் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இறக்காமலேயே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் புகை. விடாமல் வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) அல்லது ஹெட். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர். வால்வ் (புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடுவது), டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது) ஹோஸ் இவற்றைத்தான் பார்க்க வேண்டும், பிஸ்டனை அல்ல. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் நீலப் புகை வந்ததுமே "ரிங் போச்சு" என்று எழுதிவிடுவதுதான் எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குப்பென்று வந்து நின்றுவிட்டால் அநேகமாக வால்வ் சீல். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்காக இருக்கலாம். டீசல் காரில் டர்போவின் ஆயில் சீல் போனாலும் இதே நீலப் புகைதான்.

பெருந்துறையிலிருந்து ஒரு டிசையர் டீசலின் பிளாக் வந்தது. கூடவே சீட்டு: "ரிங் அவுட், ரீபோர்." அதாவது, ரிங் போச்சு, போரை மறுபடி கடைய வேண்டும். போர் கேஜை விட்டுப் பார்த்தால் நான்கு போரிலும் தேய்மானமே இல்லை. தொழிற்சாலையில் போட்ட ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தன. டர்போவைக் கொண்டுவரச் சொல்லி விரலால் ஷாஃப்டை ஆட்டினேன், லொடலொட என்று ஆடியது. டர்போவிலிருந்து போகும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். உள்ளே ஆயில் தேங்கி நின்றிருக்கும். அதற்குள் என்ஜின் இறக்கிய கூலி, கேஸ்கெட் செட், ஒரு வாரம் கார் இல்லாத அலைச்சல் எல்லாம் தலையில் ஏறிவிட்டது.

சரி, இறக்குவதற்கு முன் என்ன டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும்?

கம்ப்ரஷன் டெஸ்ட். பிளக்கை (டீசலில் ஹீட்டர் பிளக்கை அல்லது இன்ஜெக்டரை) கழற்றி அங்கே கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்பது. சின்ன பெட்ரோல் கார்களில் 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் ஆரோக்கியம். டீசலில் 350-க்கு மேல் இருக்க வேண்டும். இந்த எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். எல்லாமே கொஞ்சம் குறைந்து ஒரே அளவில் இருந்தால் வயதாகிவிட்டது என்று பொருள். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் சரிந்திருந்தால் அங்கே ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது.

பெட்ரோல் என்ஜினில் இன்னொரு சின்ன வேலை உண்டு. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கேஜ் போடுங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வ். வால்வ் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், செலவு பாதிக்கும் கீழே. டீசலில் இதைச் செய்யாதீர்கள். அங்கே எரியறை இடம் மிகச் சிறியது, ஆயில் விட்டாலே எண் பொய்யாக ஏறிவிடும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் வடிக்கும்போது மினுமினுவென்று உலோகத் தூள் வந்தால் பேரிங் தேய்கிறது. அன்றோடு காரை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். இன்று பேரிங்கோடு போவது நாளை கிராங்கோடு போகும்.

"ஹாஃப் என்ஜின்" வேலை போதுமா?

ஹாஃப் என்ஜின் என்றால் கிராங்கைக் கழற்றாமல், ஹெட்டையும் சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) மட்டும் இறக்கி, பிஸ்டனை மேலே உருவி ரிங்கும் பிக்-எண்ட் பேரிங்கும் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ளது) மாற்றி மூடுவது. பல கார்களில் என்ஜினை வெளியே எடுக்காமலேயே செய்யலாம். விலை குறைவு என்பதால் எல்லோருக்கும் இதன் மேல்தான் ஆசை.

போர் வட்டமாக இருந்தால் போதும். முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் போதாது. முட்டை வடிவச் சுவரில் வட்டமான ரிங் எப்படி ஒட்டும்? ஆறு மாதத்தில் மறுபடி ஆயில் குடிக்கும், மறுபடி என்னிடம்தான் வரும். அளக்காமல் செய்த ஹாஃப் என்ஜின் வேலைக்குக் கொடுத்த பணம் அநேகமாக வீண். "போர் கேஜ் போட்டீங்களா, எவ்வளவு காட்டுச்சு?" என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். நகத்தால் தடவிப் பார்த்தேன் என்பது பதிலல்ல.

என்ஜின் பட்டறைக்கு வந்த பிறகு என்னென்ன அளப்பீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. நான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைப்பது இதைத்தான். ஏனென்றால் வேலை பார்ப்பதா, மாற்றுவதா என்பது இந்த மேசையில்தான் முடிவாகும். புகையை வைத்தோ, ஓடிய கிலோமீட்டரை வைத்தோ, மச்சான் சொன்னதை வைத்தோ அல்ல.

முதலில் பிளாக்கைக் கழுவ வேண்டும். ஆயில் கறையோடு எடுத்த அளவு அளவே அல்ல. பிறகு ஒவ்வொரு போரிலும் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கேஜை வைப்பேன். ஒரு போருக்கு ஆறு அளவுகள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ளது ஓவாலிட்டி. சுஸுகியின் பல சின்ன என்ஜின்களுக்கு இதன் எல்லை 0.10 மி.மீ. தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த முடி இழைதான் உங்களுக்குப் பத்தாயிரத்தில் முடியுமா அறுபதாயிரம் ஆகுமா என்று சொல்கிறது.

அடுத்து கிராங்க். ஜர்னலில் (பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி) கோடு விழுந்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நீலம் என்றால் ஆயில் இல்லாமல் வெந்திருக்கிறது. அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் கிரைண்டிங் செய்து கொடுக்கமாட்டேன். கோடு மட்டும் என்றால் 0.25 மி.மீ. தேய்த்து, மெலிந்த ஜர்னலுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். ஆனால் அந்த அளவில் பேரிங் கடையில் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டுத் தேடினால் கிராங்க் இரும்பு விலைக்குத்தான் போகும். நான் இளவயதில் செய்த தவறு, சொல்வதில் வெட்கமில்லை.

ஹெட்டின் மேல் நேர்க்கட்டையை வைத்து, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடையில் விட்டுப் பார்ப்பேன். 0.05 மி.மீ. தகடு எங்காவது உள்ளே நுழைந்தால் வளைந்திருக்கிறது, ஃபேசிங் (மட்டமாகக் கடைவது) வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சூடு முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "மேலே போய் நிறுத்திக்கலாம்" என்று ஓட்டிய கார்களின் ஹெட்டை நான் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவேன். இரண்டு சிலிண்டருக்கு நடுவே, வால்வ் சீட்டுக்குப் பக்கத்தில், மெல்லிய விரிசல் இருக்கும்.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எந்த லேத்காரரும் எழுதித் தருவார்.

ஓவர்சைஸ், ஸ்லீவ் என்கிறார்களே, எது நல்லது?

போரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது ஓவர்சைஸ். அந்த அளவில் பிஸ்டன் கிடைத்தால் நான் சொல்வது இதுதான். கிடைக்கும் மிகப் பெரிய பிஸ்டனின் அளவுக்கு ஏற்கெனவே கடைந்துவிட்டிருந்தாலோ, அந்த என்ஜினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே வராவிட்டாலோ போருக்குள் புதுக் குழாய் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவது ஸ்லீவ். மாருதி 800, பழைய ஆல்ட்டோ போன்ற வார்ப்பிரும்பு பிளாக்குகள் இரண்டையும் தாங்கும். அவை எங்களுக்குப் பிடித்த என்ஜின்கள். அலுமினிய பிளாக் கொண்ட கே-சீரிஸ் போன்ற புது என்ஜின்கள் அந்த அளவுக்கு மன்னிப்பதில்லை. சூட்டில் பிளாக்கே வளைந்திருக்கலாம். எல்லோருக்கும் அந்த வேலை கைவராது. உங்கள் லேத்காரர் அதே மாடல் பிளாக்கை இதற்கு முன் செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எந்த நிலையில் வேலையே பார்க்கக்கூடாது, வேறு என்ஜின்தான்?

கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) உடைந்து பிளாக்கில் ஓட்டை போட்டிருந்தால். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் சுற்றி, பிளாக்கில் அது உட்காரும் இடமே தேய்ந்திருந்தால். பிளாக்கில் விரிசல் இருந்தால். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள். கிராங்கும் ஹெட்டும் இரண்டும் சேர்ந்து போயிருந்தாலும் கணக்குப் போட்டால் பெரும்பாலும் வேறு என்ஜின்தான் கட்டுப்படியாகும்.

டைமிங் செயின் அல்லது பெல்ட் அறுந்ததை இந்தப் பட்டியலில் பலர் சேர்த்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். பிஸ்டன் மேலே வந்து வால்வை முட்டியிருக்கும். வால்வ் வளையும், ராக்கர் உடையும். பெரும்பாலும் அடி ஹெட்டோடு நின்றுவிடும். பிஸ்டன் தலையில் சின்னத் தழும்பு மட்டும் இருந்தால் கீழ்ப்பகுதி அப்படியே ஓடும். ஹெட்டைத் திறந்து பார்க்காமல் என்ஜினைக் காயலாங்கடைக்கு அனுப்பாதீர்கள்.

உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய என்ஜின் வாங்கினால் பாதி விலைதானே?

மாட்டிய அன்று பாதி விலைதான்.

கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை இரண்டிலும் நேர்மையான வியாபாரிகள் இருக்கிறார்கள், நானே வாங்கியிருக்கிறேன். என் தயக்கம் வேறு. உங்கள் என்ஜினுக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினீர்கள், எங்கே சூடாச்சு, எப்போது சத்தம் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். தரையில் கிடக்கும் அந்த என்ஜினைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து வந்திருந்தால் அது நல்ல என்ஜினாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்தானே மோதியிருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்திருந்தால்? 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன! உள்ளே தண்ணீர் போன பிறகு யாராவது ஒருமுறை ஸ்டார்ட் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கும். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும்.

அதனால் வாங்கினால் இப்படி வாங்குங்கள். முடிந்தவரை காரிலேயே ஓடும் நிலையில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கடையிலேயே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் இருந்தால் போதும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்: வெண்ணெய் போலப் படிந்திருந்தால் தண்ணீர், கரி போலக் கெட்டியாக இருந்தால் ஆயில் மாற்றாத சோம்பேறியின் கார். சம்ப்பைக் கழற்றிப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். அடியில் சேறு, மணல் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

மாடலும் முக்கியம். ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 1248 சி.சி. என்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று ஊர்ப்பட்ட கார்களில் ஓடியது. "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று கடைக்காரர் சொல்வார். ஒன்றல்ல. டிசையரில் இருப்பது 75 குதிரைத்திறன். எர்டிகாவில் வந்தது வேறு டர்போவோடு 90. சென்சாரும் ஈ.சி.யு.வும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பொருந்தாமல் அலையவிடும். இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. மாற்றினால் அதை ஸ்கேனரில் பதிய வேண்டும், பதியாவிட்டால் தட்டல் சத்தம் போகாது.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் டைமிங் செயின் அல்லது பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் இவற்றைப் புதிதாகப் போடாமல் இருக்க முடியாது. அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள், பாதி விலை முக்கால் விலை ஆகிவிடும்.

கம்பெனியில் புது என்ஜின் வாங்க முடியாதா?

பல மாடல்களுக்குக் கிராங்க், பிஸ்டனோடு கோத்த புது பிளாக்காகக் கிடைக்கிறது. விலை கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை. பத்து வயதான சின்னக் காருக்கு அந்த விலை பொருந்தி நான் பார்த்ததில்லை. காரை இன்னும் பத்து வருடம் வைத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்பவருக்கு மட்டும் யோசிக்கத் தகுந்தது.

என்ஜினை மாற்றினால் ஆர்.சி. புக்கில் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணோடு என்ஜின் எண்ணும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எனவே என்ஜின் வாங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக என்ஜின் வாங்கிய பில், அது எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. விவரம், திருட்டு வண்டி அல்ல என்பதற்கான போலீஸ் சான்று, இன்சூரன்ஸ் இவற்றைக் கேட்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். பில் இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் நாளை ஸ்டேஷனில் போய் நிற்பது நீங்கள்.

மாற்றாமல் அப்படியே ஓட்டுபவர்கள் ஏராளம். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் எண்ணைச் சரிபார்க்கும்போதும், காரை விற்கும்போதும்தான் தெரியும்.

இங்கே ஒரு வசதியைக் கவனியுங்கள். என்ஜின் எண் அடித்திருப்பது பிளாக்கில். பிளாக் உங்களுடையதாகவே இருந்து ஹெட், கிராங்க், பிஸ்டன் எதை மாற்றினாலும் எண் மாறுவதில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகப் படி ஏறவேண்டியதில்லை. பழைய என்ஜினை வாங்கி அதன் கிராங்கையும் ஹெட்டையும் மட்டும் எடுத்து உங்கள் பிளாக்கில் போடுவது நாங்கள் அடிக்கடி செய்யும் வேலை.

கார் விலையே இரண்டு லட்சம். அதற்கு எண்பதாயிரம் என்ஜின் வேலையா?

கேள்வி சரி, ஒப்பிடும் இடம் தப்பு. கணக்குக்காக ஒரு 2012 டிசையர் டீசலை வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடினால் இரண்டு லட்சத்துக்குப் போகும் என்று வையுங்கள். என்ஜின் போன நிலையில் விற்றால் எண்பதாயிரம். வேலைக்கு எண்பதாயிரம். எண்பதும் எண்பதும் நூற்று அறுபது. இரண்டு லட்சத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் வேலை பார்த்த மறுநாளே விற்கப்போகிறீர்கள் என்றால் அலைச்சலுக்கும், "என்ஜின் பிரிச்ச வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பவருக்கும் அந்த மிச்சம் போய்விடும். விற்பதற்காக என்ஜின் வேலை பார்க்காதீர்கள், அப்படியே விற்றுவிடுங்கள்.

வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் கேள்வியே வேறு: இந்த எண்பதாயிரத்தைக் கொடுத்து இதேபோல் ஓடும் வேறு கார் வாங்க முடியுமா? இரண்டு லட்சத்துக்கு வாங்கும் இன்னொருவரின் பழைய காரின் என்ஜினுக்கும் யார் பொறுப்பு? உங்கள் காரின் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பாடி, ஏ.சி. எல்லாம் நன்றாக இருந்து, நான்கு வருடமாவது ஓட்டுவீர்கள் என்றால் வேலை பாருங்கள். அடியில் துரு ஏறி, கியர்பாக்ஸும் முனகிக்கொண்டிருந்தால் என்ஜினுக்குப் பணம் போடாதீர்கள்.

பதிவு வயதையும் பாருங்கள். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறிவிட்டது, பசுமை வரி தனி. பதினாலாவது வருடத்தில் என்ஜின் வேலைக்கு வரும் கார்க்காரரிடம் நானே இதைச் சொல்லிவிடுவேன்.

கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது. இப்போது பிரித்துவைத்துவிட்டு மீதியை அடுத்த மாதம் பார்க்கலாமா?

வேண்டாம். பிரித்துப் போட்ட என்ஜின் காத்திருக்காது. கழுவிய போரில் ஆயில் பூசாமல் விட்டால் மழைக்காலத்தில் ஓரிரு நாளிலேயே துரு பூக்கும். போல்ட் தொலையும், பேரிங் மூடிகள் இடம் மாறும், மெக்கானிக் வேறு வேலையில் இறங்கிவிடுவார். என் பட்டறை மூலையில் இரண்டு வருடமாக ஒரு இண்டிகாவின் பிளாக் கிடக்கிறது. உடையவர் மீதிப் பணம் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர். டெஸ்ட்டை மட்டும் இப்போது எடுங்கள். முழுப் பணமும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்த பிறகு இறக்குங்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு கட்டாயம் தேவைப்படும்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். முன்பு பலவற்றுக்கு 28. அதற்கு முந்தைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் புதிதாகக் கேளுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

பிடிக்கக்கூடாதவை: பிஸ்டன் ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட், செயின் கிட், ஆயில் பம்ப். ஹெட் போல்ட்டுகளில் சில வகை ஒருமுறை முறுக்கினாலே நீண்டுவிடும். அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும். டார்க் ரென்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லாத மெக்கானிக்கிடம் என்ஜினைக் கோக்கக் கொடுக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பிடிக்கலாம்: ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மவுன்டிங் பிராக்கெட், மேனிஃபோல்ட் போன்றவை பழையதே போதும். ஹெட் போய்விட்டால் நல்ல பழைய ஹெட் வாங்கிச் சீட் கட்டிங் (வால்வ் உட்காரும் இடத்தைக் கடைவது) செய்து போடலாம்.

ரேடியேட்டரைச் சர்வீஸ் செய்வதையும், ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதையும் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். முதல் என்ஜினைக் கொன்றது ரேடியேட்டர் அடைப்பு என்றால் இரண்டாவதையும் அதுவே கொல்லும். வேலை பார்த்தாலும் சரி, மாற்றினாலும் சரி, என்ஜின் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

தேய்மானத்துக்குக் கொடுக்காது. வெள்ளத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் போனதற்கு, என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துவருவதுதான் அதில் முதல் நிபந்தனை மாதிரி.

வேலை முடிந்து வந்த காரை எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரில் படியும். நிறுத்திவைத்து மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடும் பழைய வழக்கத்தால் பயனில்லை, கெடுதல்தான். முழு ஆள், முழு லக்கேஜோடு மலையேறுவதைத் தள்ளிப்போடுங்கள். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள்; வடிக்கும் ஆயிலில் கொஞ்சம் தூள் இருக்கும், பயப்படவேண்டாம். இரண்டாவது மாற்றத்திலும் இருந்தால் உடனே காட்டுங்கள். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள்.

என்ஜினையே மாற்றிவிட்டேன். கழற்றிய பழையதை என்ன செய்வது?

மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். டர்போ, இன்ஜெக்டர், ஹெட், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை உண்டு. வாங்கிய என்ஜினின் விலையில் நல்ல பங்கு அதில் திரும்பிவிடும். பிளாக்கை மட்டும் ஆர்.சி.யில் புது எண் ஏறும்வரை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். எண் உள்ள இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், பில்லோடு சேர்த்து வைக்க.